சிரட்டைக் கஞ்சி: போர் நினைவை லினோகட்டில் செதுக்க ஒரு வழிகாட்டி

லினோகட் என்பது லினோலியத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுக்கும் முறை. அதில் சாம்பல் நிறம் கிடையாது. உளி தோண்டிய இடத்தில் தாளின் வெள்ளை தெரியும், உளி தொடாத இடத்தில் மையின் கறுப்பு நிற்கும். போரைச் சொல்ல வந்த ஓவியர்கள் பலர் இந்த வகை அச்சை நாடியதற்கு அந்தக் கண்டிப்பு ஒரு காரணம். செலவு இன்னொரு காரணம். அச்சு இயந்திரம் இல்லாமல், ஒரு மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுத்துவிடலாம்.

இது உளியை இதுவரை கையில் எடுக்காதவர்களுக்கான வழிகாட்டி. ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை கொண்டுபோகிறோம். இரு கைகள் ஏந்திய ஒரு சிரட்டைக் கஞ்சிதான் அந்தப் படம் (சிரட்டை என்பது சதை நீக்கிய தேங்காய் ஓட்டின் பாதி). அளவு 15 × 20 செ.மீ., நிறம் கறுப்பு மட்டும், பிரதிகள் பதினைந்து.

முதலில் சின்னத்தை முடிவு செய்யுங்கள்

போர் என்றதும் கை தானாகவே புறா, முள்வேலி, மண்டையோடு, மெழுகுவர்த்தி என்று வரையத் தொடங்கும். நான்கையும் ஒரே தகட்டில் போட்டால் கிடைப்பது சுவரொட்டி. எந்த ஊர்ப் போருக்கும் அது பொருந்தும் என்பதாலேயே எந்த ஊரார் நெஞ்சிலும் அது நிற்காது. ஒரு சமூகத்தின் நினைவு, அந்த மக்கள் கையால் தொட்ட பொருள்களில்தான் தங்கியிருக்கிறது. அப்படி ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி. செதுக்குவதைப் பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முன்னோர் இருவரின் படங்களைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஜெர்மன் ஓவியர் கேதே கொல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் முதல் உலகப் போரின் முனையில் இறந்தான். அந்தப் போரைச் சொல்ல அவர் செப்புத்தகட்டிலும் கல்லச்சிலும் முயன்று நிறைவடையாமல், 1920இல் ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகு மரத்துக்கு வந்தார். ‘போர்’ என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்குகள் பிறந்தன. அவற்றில் போர்க்களம் இல்லை, எதிரியும் இல்லை. ‘தாய்மார்’ என்ற படத்தில் பெண்கள் ஒருவரையொருவர் இறுகப் பற்றி ஒரே கறுப்புத் திரளாக நிற்கிறார்கள், இடுக்குகளில் குழந்தைகளின் முகங்கள் தெரிகின்றன. பிரித்துப் பார்க்க முடியாத அந்தத் திரள்தான் அங்கே சின்னம். மெக்சிகோவின் லியோபோல்டோ மெண்டஸ் 1942இல் செய்த லினோகட் ஒன்று, நாஜிகள் மக்களைச் சரக்கு ரயிலில் சாவுக்கு அனுப்பியதைக் காட்டுவது. இருட்டில் ஒரு விளக்கொளி பெட்டியின் உள்ளே விழுகிறது, ஒளி பட்டதால்தான் உள்ளே இருப்பவர்கள் நமக்குத் தெரிகிறார்கள். லினோகட்டில் ஒளி என்பது செதுக்கி எடுத்த இடம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். யாரைக் காட்டுவது என்ற முடிவும் எங்கே உளி வைப்பது என்ற முடிவும் அங்கே ஒன்றாகிவிட்டன.

இனி நம் படம். 2009இன் தொடக்க மாதங்களில் இலங்கையின் வடக்கே வன்னியில், ஷெல் வீச்சுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டே போன நிலத்துண்டில் சிக்கிய மக்களின் உயிரைப் பிடித்துவைத்தது கஞ்சி. அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் கொஞ்சம் உப்பும்தான் அதில் இருந்தன. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வந்தது. பல இடங்களில் அதைச் சிரட்டையில் ஊற்றித்தான் கொடுக்கிறார்கள். இந்தச் சின்னத்தை எந்த ஓவியரும் கண்டுபிடிக்கவில்லை, மக்களே தேர்ந்துவைத்திருக்கிறார்கள். செதுக்குபவருக்கும் இது வாகானது. சிரட்டை கறுப்பு, கஞ்சி வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் தெளிவான ஒரு விளிம்பு.

கஞ்சி உங்கள் வீட்டு நினைவாக இல்லாமல் இருக்கலாம். ஷெல்லடியில் தலையறுந்து நிற்கும் பனை வடக்கின் நிலக்காட்சியிலேயே இருந்தது. நெட்டுக்குத்தான எளிய வடிவம் என்பதால் முதல் தகட்டுக்கு இன்னும் சுலபம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் மனத்தில் சுமப்பது வேறொரு பொருளாக இருக்கும். அதை அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாருடைய நினைவைச் செதுக்குகிறீர்களோ அவர்களிடம் கேளுங்கள். அடையாளம் தெரியும்படி ஒருவரின் முகத்தைச் செதுக்குவதென்றால் குடும்பத்தாரின் சம்மதம் வாங்காமல் தொடங்கவே கூடாது. நம் படத்தில் முகம் இல்லை, கைகள் மட்டுமே. மணிக்கட்டுக்குக் கீழே படத்தின் ஓரம் கைகளை வெட்டிவிடுகிறது, அதனால் அவை யாருடைய கைகளாகவும் இருக்கலாம்.

கறுப்புத் தாளில் வரையுங்கள்

வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்துவிட்டு அதை அப்படியே செதுக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் தோண்டித் தோண்டி அலுத்துப்போவார்கள். கறுப்புத் தாளும் வெள்ளைப் பென்சிலும் எடுங்கள். பென்சில் போகும் வழியே பிறகு உளி போகும் வழி. 5 × 7 செ.மீ. அளவில் ஏழெட்டுச் சிறு வரைவுகள் போட்டு, சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து என்னவென்று புரியாத வரைவை விட்டுவிடுங்கள்.

நம் வரைவின் கணக்கு இது. சிரட்டையைச் சற்று மேலிருந்து பார்க்கிறோம். வாய் 9 செ.மீ. அகலமும் 4 செ.மீ. உயரமும் உள்ள முட்டை வட்டம். அதன் விளிம்பைச் சுற்றி 2 மி.மீ. கறுப்பு வளையம் நிற்கும், வளையத்துக்கு வெளியே 1 மி.மீ. வெள்ளைக் கோடு ஓடும். வட்டத்துக்குள் கஞ்சியின் வெள்ளை. அதில் சில சோற்றுப்பருக்கைகளைச் செதுக்காமல் தீவுகளாக விடுங்கள், ஒவ்வொன்றும் 8 மி.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன். பருக்கைகள் எண்ணிவிடும்படி இருந்தால்தான் கஞ்சி எவ்வளவு நீர்த்தது என்று பார்ப்பவருக்குப் புரியும். எத்தனை பருக்கை என்பதையும் யோசித்தே வையுங்கள், ஏனென்றால் பார்ப்பவர்கள் எண்ணுவார்கள், எண்ணுக்குப் பொருளும் தேடுவார்கள். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில் வைப்பது நல்லது. கைகளை வெள்ளைக் கோடுகளால் மட்டும் வரையுங்கள். நகம், ரேகை எதுவும் வேண்டாம்.

பின்னணி முழுவதையும் கெட்டிக் கறுப்பாக விடத் தோன்றும். கரண்டியால் தேய்த்து அச்செடுக்கும்போது பெரிய கறுப்புப் பரப்பு சீராக வருவது அரிது, உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஆகவே மேல் மூன்றில் ஒரு பங்கை 5 மி.மீ. இடைவெளியில் மெல்லிய நெட்டுக்கோடுகளால் உடைத்துவிடுங்கள். மழையென்றோ புகையென்றோ பார்ப்பவர் எடுத்துக்கொள்ளட்டும்.

வாங்க வேண்டியவை

கடையில் ‘லினோலியம்’ என்று தரைவிரிப்பைக் காட்டுவார்கள். இன்று விற்கும் தரைவிரிப்புகளில் பெரும்பாலானவை பி.வி.சி. பிளாஸ்டிக், அதில் உளி வழுக்கும், கோடு கிழியும். உண்மையான லினோலியம் ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் பிசினும் சேர்ந்தது, முதுகில் சணல் துணி இருக்கும், முகர்ந்தால் எண்ணெய் வாசம் வரும். ஓவியப் பொருள் கடையில் 3.2 மி.மீ. தடிமனில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் கிடைக்கும். நாள்பட்ட லினோ காய்ந்து நொறுங்கும், எனவே ஓரத்தை லேசாக வளைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரப்பர்போல் மென்மையான செதுக்குத் தகடுகளும் உண்டு. கைக்குச் சுகமாக இருந்தாலும் பருக்கை மாதிரிச் சிறு தீவுகள் தேய்க்கும்போது அவற்றில் நெளிந்துவிடும். இந்தப் படத்துக்கு உண்மையான லினோவே ஏற்றது.

உளிகள் மூன்று போதும்: 1 மி.மீ. வி-உளி, 3 மி.மீ. யு-உளி, 7 அல்லது 8 மி.மீ. அகல யு-உளி. பத்து உளிப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம், அந்த இரும்பு ஒரு தகட்டுக்குள் மழுங்கிவிடும். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. ஒரு தோல் பட்டையில் உலோகப் பாலிஷ் பூசி வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை உளியைப் பின்னோக்கி ஏழெட்டு முறை இழுத்தால் முனை நிற்கும்.

8 செ.மீ. அகல ரப்பர் ரோலர், மை உருட்ட ஒரு கண்ணாடித் துண்டு அல்லது வழவழப்பான டைல், பேக்கிங் தாள், மரக்கரண்டி ஆகியவையும் தேவை. தாள் 60 முதல் 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரை, வழவழப்பாக, நீளமான நார் உள்ளதாக இருக்கட்டும். ஜப்பானியத் தாளும் நேபாளத்து லோக்தா தாளும் கைத்தேய்ப்புக்கு அருமையானவை. தடித்த, சொரசொரப்பான கைவினைத் தாள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கரண்டியின் அழுத்தம் அதன் பள்ளங்களுக்கு எட்டாது. ஏ4 அளவில் இருபத்து மூன்று தாள் வெட்டுங்கள். பதினைந்து தாள் பதிப்புக்கு, அதாவது எண் போட்டுக் கொடுக்கும் இறுதிப் பிரதிகளுக்கு; எட்டு தாள் சோதனைக்கும் வீணாவதற்கும்.

மையில்தான் நம் வெயில் குறுக்கே வருகிறது. நீர் மை மின்விசிறிக்குக் கீழே சில நிமிடங்களில் கண்ணாடியிலேயே காய்ந்துவிடும், தாள் தகட்டில் ஒட்டிக் கிழியும். எண்ணெய் மை வாங்குங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மைகளும் இப்போது உண்டு. அவை கிடைக்காத ஊரில் அச்சகத்தில் ஆஃப்செட் கறுப்பு மை கொஞ்சம் கேட்டு வாங்கினால் போதும், வேலை நடக்கும்.

தகட்டுக்கு மாற்றுதல்

400 எண் உப்புத்தாளால் தகட்டின் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். லினோவின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலம் போகாவிட்டால் மை திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு சிவப்பு அக்ரிலிக்கை நிறைய நீர் கலந்து ஒரு பூச்சு பூசுங்கள். செதுக்கும்போது தோண்டிய இடம் நிறம் மாறித் தெரியும், எவ்வளவு வெளிச்சம் சேர்ந்துவிட்டது என்பதைக் கண்ணாலேயே அளக்கலாம்.

படம் தாளில் இடவலம் மாறி விழும். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் லினோவைத் தொடும்படி கவிழ்த்து, கரண்டியால் தேய்த்தால் மாற்றும் வேலையும் திருப்பும் வேலையும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். மாறிய கோடுகளின் மேல் மெல்லிய பேனாவால் ஒருமுறை போய்விட்டு, செதுக்கி எடுக்க வேண்டிய இடங்களில் சாய்கோடு போட்டு வையுங்கள். நடுவில் தேநீர் குடித்துவிட்டு வந்து தவறான இடத்தைத் தோண்டுவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. எழுத்து எதுவும் செதுக்க வேண்டாம். இடவலம் மாறிய எழுத்தைச் செதுக்குவது கடினம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், சிரட்டைக்குக் கீழே ‘முள்ளிவாய்க்கால்’ என்று எழுதினால் படம் சொல்ல வேண்டியதை எழுத்து பிடுங்கிக்கொள்ளும். பெயரைப் பிறகு ஓரத்தில் பென்சிலால் எழுதலாம்.

செதுக்குதல்

30 × 25 செ.மீ. பலகை ஒன்றின் ஒரு முனையில் கீழ்ப்பக்கமாக ஒரு மரச்சட்டத்தையும் எதிர்முனையில் மேல்பக்கமாக இன்னொன்றையும் ஆணியடியுங்கள். கீழ்ச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்சட்டம் தகட்டைத் தாங்கும். உளி பிடிக்காத கை எப்போதும் உளி முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதற்கு விலக்கு கிடையாது.

லினோ கடினமாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், அல்லது மிதமான இஸ்திரிப் பெட்டியைத் துணி போட்டு மேலே ஓட்டுங்கள். சூடு இருக்கும்வரை லினோ வழுவழுவென்று வெட்டுப்படும்.

உளியைப் படுத்துப் பிடியுங்கள், தகட்டோடு 20 முதல் 30 பாகை. கோட்டின் ஆழம் 1 மி.மீ. போதும். பெரிய வெள்ளைப் பரப்பில் 2 மி.மீ. வரை போகலாம், சணல் தெரிந்தால் நிறுத்துங்கள். வளைவில் உளியைத் திருப்பாமல் தகட்டைத் திருப்புங்கள். சிரட்டை வாயின் முட்டை வட்டம் சீராக வருவதற்கு இதுதான் வழி. நிற்க வேண்டிய பகுதியின் அடி அகன்றும் மேல் குறுகியும் சரிவாக இருக்க வேண்டும். உளி சாய்ந்து அடியைக் குடைந்துவிட்டால் ஐந்தாவது அச்சிலோ ஆறாவது அச்சிலோ அந்த விளிம்பு உடைந்து விழும். பருக்கைத் தீவுகளில் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் வி-உளியால் சிரட்டை விளிம்பின் வெளிக்கோடு, பிறகு கைகள், பிறகு ஒவ்வொரு பருக்கையையும் சுற்றி ஒரு வேலி. அதன் பின் 3 மி.மீ. உளியால் வேலியை அகலப்படுத்துங்கள். அகல உளியால் கஞ்சிப் பரப்பை வெட்டியெடுப்பது கடைசியில். பின்னணி நெட்டுக்கோடுகளை முதல் சோதனை அச்சுவரை தொடவே தொடாதீர்கள். தோண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, விட்டுவைத்ததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பெரிய பரப்பை வெட்டும்போது இடையில் சிறு மேடுகள் மிஞ்சும், அவை அச்சில் கறுப்புக் கீற்றாக விழும். எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் கஞ்சி வெறும் ஓட்டையாகத் தெரியும். வட்டத்தின் வளைவோடு சேர்த்துக் கிடைவாட்டில் வெட்டுங்கள். மிஞ்சும் கீற்றுகள் நீரின் மேல்மட்டமாக மாறும். கைகளுக்கு அருகில் கீற்றுகள் வேண்டாம், தோலில் காயம்போல் தெரியும். அந்தப் பொருள் வேண்டுமென்றால் தெரிந்தே வையுங்கள்.

பாதி வேலையில் தகட்டின் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலைப் படுத்துத் தேய்த்துப் பாருங்கள். மை இல்லாமலே படத்தின் நிலை தெரிந்துவிடும்.

மையும் அச்சும்

கண்ணாடியில் அரைத் தேக்கரண்டி மையை ஒரு வரியாக வைத்து, ரோலரை மேலும் கீழுமாக உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ரோலரைத் தூக்கி வைக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருந்தால் மை பரவாது. மெல்லிய ‘சர்’ ஓசை வந்தால் மை சரி. சதக் சதக் என்று ஒட்டி, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி எழுந்தால் மை அதிகம், பாதியை வழித்தெடுங்கள். தகட்டில் ஒரே தடவையில் கெட்டியாகப் பூசாமல், மெல்லிதாக ஐந்தாறு முறை வெவ்வேறு திசைகளில் உருட்டுங்கள். அடுத்தடுத்த அச்சுக்குக் கடலையளவு மை சேர்த்தால் போதும். புதுத் தகடு மையைக் குடிக்கும் என்பதால் முதல் இரண்டு மூன்று அச்சுகள் வெளிறித்தான் வரும். அதைப் பார்த்து மையைக் கூட்டிவிடாதீர்கள்.

தாள் ஒரே இடத்தில் உட்கார, ஒரு தடித்த அட்டையில் தகட்டுக்கு ஒரு மூலைவரம்பும் தாளுக்கு ஒரு மூலைவரம்பும் அட்டைக்கீற்றால் ஒட்டுங்கள். ஏ4 தாளில் பக்கத்துக்கு 3 செ.மீ. ஓரமும், மேலே சுமார் 4 செ.மீ., கீழே சுமார் 5.5 செ.மீ. ஓரமும் வருமாறு அமைத்தால் கண்ணுக்குப் படம் நடுவில் இருப்பதாகத் தெரியும்.

தாளை வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவி ஒட்டவைத்து, மேலே பேக்கிங் தாள் போட்டு, கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். இந்த அளவுப் படத்துக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் பிடிக்கும். ஒரு பக்கத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எதிர் மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி தேயுங்கள். கஞ்சிப் பரப்பின் நடுவில் கரண்டியை அழுத்தாதீர்கள், தாள் பள்ளத்துக்குள் இறங்கி அங்கே கறை பிடிக்கும்.

அச்சுகளைக் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். எண்ணெய் மை காய இரண்டு நாள் முதல் ஒரு வாரம் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். தகட்டையும் ரோலரையும் சமையல் எண்ணெய் விட்டுத் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பால் முடியுங்கள். மை துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. உலரும் எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்க வல்லது. வெளியே விரித்துக் காயவைத்து, அல்லது தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு எறியுங்கள்.

பிழைகளும் காரணங்களும்

மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைபட்டுப் போனால் மை அதிகம், அல்லது வெக்கையில் மை இளகிவிட்டது. பழைய பல்துலக்கியால் கோடுகளைச் சுத்தம் செய்து, மை போடாமல் செய்தித்தாளில் இரண்டு அச்செடுங்கள். மையில் ஒரு சிட்டிகை மெக்னீசியம் கார்பனேட் பொடி கலந்தால் இறுகும்.

கறுப்பில் வெள்ளைப் புள்ளி எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் தகட்டில் தூசியோ எண்ணெய்ப்பிசுக்கோ இருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் தேய்ப்பு போதவில்லை, அல்லது தாள் சொரசொரப்பு. உருவம் இரட்டையாகத் தெரிந்தால் தேய்க்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது.

உளி வழுக்கி ஒரு கோடு விழுந்துவிட்டால், செதுக்கிய லினோத் தூளோடு உடனொட்டும் பசை கலந்து நிரப்பி, காய்ந்த பின் உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். முடிந்தவரை மறையும். பருக்கைத் தீவு ஒன்று பெயர்ந்து வந்தால் அதே பசையால் ஒட்டலாம். தொலைந்துவிட்டால் அந்த எண்ணிக்கையோடு வாழ வேண்டியதுதான்.

பதிப்புக்கு முன் காட்டுங்கள்

இரண்டு நல்ல சோதனை அச்சு வந்ததும் நிறுத்திவிட்டு, அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களிடம் காட்டுங்கள். விளக்கம் சொல்லாமல் “என்ன தெரியுது?” என்று மட்டும் கேளுங்கள். சிரட்டையைத் தேங்காய்ப்பாதி என்றார்களானால் விளிம்பு வளையம் தடித்துவிட்டது. கஞ்சியைப் பால் என்றார்களானால் பருக்கைகள் போதாது, அல்லது கீற்றுகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள். கைகள் ஏந்துகின்றனவா, நீட்டிக் கேட்கின்றனவா என்பதில் கருத்து மாறுபடலாம். அதைத் திருத்த வேண்டியதில்லை. “இப்படி இருக்கேல்லை” என்று ஒருவர் சொன்னால் மட்டும் உளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேளுங்கள். பின்னணிக் கோடுகளைச் செதுக்குவது இந்தச் சந்திப்புக்குப் பிறகுதான்.

பிறகு பதினைந்தையும் ஒரே மையில், ஒரே தாளில், முடிந்தால் ஒரே நாளில் அச்சடியுங்கள். காய்ந்ததும் படத்துக்குக் கீழே பென்சிலால் இடப்பக்கம் 1/15, 2/15 என்று எண், நடுவில் பெயர், வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். சோதனை அச்சுகளுக்கு எண் போடக் கூடாது. மே மாத நினைவுநாளுக்குக் கொடுப்பதாக இருந்தால் மார்ச் கடைசிக்குள் செதுக்கத் தொடங்குங்கள். காட்டவும் திருத்தவும் காயவும் அவ்வளவு காலம் வேண்டும். தகட்டைத் துடைத்து, மெழுகுத்தாளில் சுற்றி, வெயில் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும், வளைந்து காய்ந்த லினோவை நிமிர்த்தினால் சிரட்டையின் நடுவிலேயே விரிசல் விடும்.